செங்கல் சூளையில் கேட்கப்படாத சான்றிதழ்

800 மீட்டர் ஓட்டம் என்பது மைதானத்தை இரண்டு முறை சுற்றி வருவது. 100 மீட்டரைப் போல ஒரே பாய்ச்சலில் முடித்துவிட முடியாது. 10,000 மீட்டரைப் போல நிதானமாகத் தொடங்கவும் முடியாது. வேகமும் தாங்குதிறனும் ஒருசேர வேண்டிய போட்டி அது. விளையாட்டில் பெண்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் போட்டியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். பெண்கள் இதை ஓடலாமா என்று முதலில் கேட்டார்கள். ஓடிக் காட்டிய பிறகு, ஓடியது பெண்தானா என்று கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத் தமிழ்நாடு கொடுத்த விலையின் பெயர் சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி. 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் கதையை ஒரு தனிப்பட்ட சோகமாகத்தான் ஊடகங்கள் சொல்லிவந்தன. இந்தக் கட்டுரை அதை ஓர் உழைப்பாளியின் வேலை பறிபோன கதையாகப் பார்க்கிறது. அதற்கு முதலில் இரண்டு வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று, பெண்ணுடலின் மீதான சந்தேகத்தின் வரலாறு. மற்றொன்று, இந்தியாவில் விளையாட்டு ஒரு பிழைப்பாக மாறிய வரலாறு.

ஒன்பது பேர் ஓடிய ஓட்டம்

நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கியவர்கள் பெண்களைப் பார்வையாளர்களாகவே கற்பனை செய்தார்கள். பிரான்சைச் சேர்ந்த அலிஸ் மில்லியா அதை ஏற்கவில்லை. பெண்களுக்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கி, 1922-இல் பாரிஸில் பெண்களுக்கான தனிப் போட்டிகளையே நடத்திக் காட்டினார். அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளக் கதவு திறந்தது. அதுவும் ஐந்தே போட்டிகளுக்கு. அவற்றில் ஒன்று 800 மீட்டர்.

1928 ஆகஸ்ட் 2 அன்று இறுதிப் போட்டி நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவது, ஸ்வீடனின் இங்கா கெண்ட்செல் மூன்றாவது. முதல் மூவருமே அதுவரை இருந்த உலக சாதனையை முறியடித்தார்கள். ஆனால் மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது வேறு கதை. பதினோரு பெண்கள் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியில் நின்றார்கள், மற்றவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். உண்மையில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஓட்டத்தின் முடிவில் மூச்சு வாங்கித் தரையில் சாய்ந்தவர்கள் உண்டு. ஆண்கள் ஓட்டத்திலும் அப்படிச் சாய்ந்தவர்கள் உண்டு. ஆண் சாய்ந்தால் வீரம், பெண் சாய்ந்தால் பலவீனம் என்று வாசித்தார்கள்.

கருப்பைக்கு ஆகாது, சீக்கிரம் மூப்பு வந்துவிடும் என்று மருத்துவர்கள் சிலரும் சேர்ந்து பேசினார்கள். 800 மீட்டர் பெண்களின் ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் ஒலிம்பிக்கில் எந்தப் பெண்ணும் தனியாக 200 மீட்டருக்கு மேல் ஓட அனுமதிக்கப்படவில்லை. ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட பெண்கள் தங்களால் எவ்வளவு தூரம் ஓடமுடியும் என்று தெரியாமலே ஓய்வுபெற்றார்கள்.

வெள்ளி வென்ற ஹிதோமியைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அவர் ஒசாகாவின் மைனிச்சி நாளிதழில் செய்தியாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஓடினார், எழுதினார், மற்ற பெண்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போவதற்காக ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். விளையாட்டைச் சுற்றி ஒரு பெண் தனக்கான வாழ்க்கைத் தொழிலை அமைத்துக்கொண்ட முன்னோடி உதாரணங்களில் அவரும் ஒருவர். 1931 ஆகஸ்ட் 2 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஓட்டம் நடந்து சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த நாளில், நிமோனியாவால் இறந்தார். வயது 24.

பெண் என்று சான்று

உனக்கு வலிமை போதாது என்று சொல்லி விலக்கிய காலம் போய், உனக்கு வலிமை அதிகம் என்று சொல்லி விலக்கும் காலம் வந்தது. 1966-இல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண் வீரர்கள் மருத்துவர்கள் குழுவின் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டார்கள். போலந்தின் ஈவா குவபுகோவ்ஸ்கா அந்தக் கண்பார்வைச் சோதனையில் பெண் என்று தேறினார். மறு ஆண்டு குரோமோசோம் சோதனை வந்தபோது தேறவில்லை. அவர் உடல் மாறவில்லை. அளவுகோல்தான் மாறியது.

1968 முதல் ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. தேறியவர்களுக்கு ‘பெண்மைச் சான்றிதழ்’ கொடுத்தார்கள். அடுத்தடுத்த போட்டிகளுக்கு அதைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட பிரிட்டன் இளவரசி ஆனுக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அரச குடும்பத்தின் பெண்மைக்குச் சான்று தேவைப்படவில்லை. மற்ற பெண்கள் எல்லோரும் நிரூபிக்க வேண்டியிருந்தது. யாரிடம் சான்று கேட்கலாம், யாரிடம் கேட்கக்கூடாது என்பதில் வர்க்கம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போன ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ தன் பழைய சான்றிதழை எடுத்துச் செல்ல மறந்துவிட்டார். மீண்டும் சோதித்தார்கள். XY குரோமோசோம் என்று முடிவு வந்தது. அவருடைய உடல் டெஸ்டோஸ்டிரோனுக்கு எதிர்வினை செய்யாத வகையைச் சேர்ந்தது. அதாவது, எந்த ‘ஆண் அனுகூலத்தை’த் தேடிச் சோதனை நடந்ததோ அது அவரிடம் இல்லவே இல்லை. ஆனாலும் உதவித்தொகை போனது, விளையாட்டு வீரர் விடுதியில் இருந்த அறை போனது, காதலன் விலகினான். மூன்று ஆண்டுகள் போராடி 1988-இல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். எல்லாப் பெண்களையும் கட்டாயமாகச் சோதிக்கும் முறையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் கைவிட்டது. ஆனால் ‘சந்தேகம் எழுந்தால்’ ஒருவரைச் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. சந்தேகம் யார்மீது எழும்? சன்னமான உடலும் வெளுத்த நிறமும் நீண்ட கூந்தலும் உடைய பெண்ணின்மீது அது எழுவதில்லை.

விளையாட்டு என்னும் வேலை

இனி இந்தியாவுக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடிய அதே 1928-இல்தான் இந்திய ரயில்வே தனக்கென ஒரு தடகளச் சங்கத்தை அமைத்தது. இன்றைய ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் தொடக்கம் அது. மன்னர்களும் கிளப்புகளும் பொழுதுபோக்காக வைத்திருந்த விளையாட்டு, மாதச் சம்பளத்தோடு சேர்ந்த ஒன்றாக மாறியது இப்படித்தான். பின்னாளில் காவல்துறை, வங்கிகள், வருமான வரித்துறை, இந்திய உணவுக் கழகம், மின்வாரியம் என்று அது விரிந்தது.

பெண்களுக்கு இந்தக் கதவு உடனே திறந்துவிடவில்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்கு நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் போனார்கள். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் தடகளத்துக்குச் சென்ற முதல் பெண்கள். மேரியின் பயணச் செலவுக்கு அரசிடம் பணம் இல்லை. நண்பர்கள் நடன நிகழ்ச்சியும் சீட்டாட்டப் போட்டியும் நடத்தித் திரட்டிக் கொடுத்தார்கள். 1970 பாங்காக்கில் கமல்ஜீத் சந்து 400 மீட்டரில் வென்றதுதான் ஆசியப் போட்டிகளில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் தங்கம். 1978-இல் கீதா ஜுட்ஷி 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதன்பின் கேரளத்திலிருந்து ஓர் அலை எழுந்தது. அரசு நடத்திய விளையாட்டுப் பிரிவுகளில், பெண் பிள்ளைகளுக்கான விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் அவர்கள். 1976-இல் கண்ணூரில் தொடங்கிய அப்படியொரு பிரிவில் சேர்ந்தவர்தான் பி.டி. உஷா. ஷைனி ஆபிரகாம் 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனார். ஒலிம்பிக்கில் அந்த நிலையை எட்டிய முதல் இந்தியப் பெண் அவர். திருமணத்துக்குப் பின் ஷைனி வில்சனாகச் சென்னையில் இந்திய உணவுக் கழகத்தில் அதிகாரியாகப் பணியாற்றினார். உஷா தெற்கு ரயில்வேயில் அதிகாரி ஆனார். 1998-இல் ஜோதிர்மயி சிக்தாரும் 2002-இல் பீனாமோளும் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார்கள்.

இந்தப் பெயர்ப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைக் கவனிக்கவேண்டும். விடுதி, உணவு, பயிற்சியாளர், அதன்பின் அரசு வேலை. நிலமும் சொத்தும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஓட்டம் என்பது பதக்கத்தைவிட முதலில் ஒரு பணி ஆணை. நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்குப் பட்டப்படிப்பு என்ன செய்கிறதோ அதை இவர்களுக்கு ஓட்டம் செய்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இன்று இருக்கிறது. மைதானத்தில் நாம் விளையாட்டு என்று பார்ப்பது, அங்கே ஓடுகிற பெண்ணுக்கு வேலை தேடும் உழைப்பு.

பதின்மூன்று வயதில் மூடும் கதவு

அந்த உழைப்பு எங்கே தடைபடுகிறது? திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் தறி ஊர் அம்மையார்குப்பம். இப்படியான ஊர் ஒன்றில் வேகமாக ஓடக்கூடிய ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வந்தால் தார் சுற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு மாலை நேரம் விளையாட்டு நேரம். அவளுக்கு அது இரண்டாவது வேலை நேரம். குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டிக்குத் தேர்வானால், திருவள்ளூர் வரை யார் துணைக்குப் போவது என்ற கேள்வி வருகிறது. ஒரு நாள் துணைக்குப் போனால் அம்மாவின் ஒரு நாள் கூலி போகும்.

இதையும் தாண்டிவிட்டால், வயதுக்கு வருதல். தடகளத்தில் முறையான பயிற்சி தொடங்க வேண்டிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் நம் குடும்பங்கள் பெண்ணை வீட்டுக்குள் இழுக்கின்றன. பந்தல் போட்டுச் சீர் வைத்து மஞ்சள் நீராட்டு நடத்தி, இனி இவள் உடல் குடும்பத்தின் மானம் என்று ஊருக்கு அறிவிக்கின்றன. நொண்டியும் கும்மியும் கோலாட்டமும் ஆடிய கால்கள் அதன்பின் அடக்கமாக நடக்கப் பழகவேண்டும். கால்சட்டை போட்டு ஓடுவது ஊர் பேசும் விஷயமாகிவிடுகிறது. மைதானங்களில் உடை மாற்றவும் மாதவிடாய் நாட்களில் ஒதுங்கவும் இடம் இல்லாதது மிச்சத்தை முடித்துவைக்கிறது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண் பிள்ளைகள் பந்தை எறியும்போது முழு உடலையும் பயன்படுத்தாமல் கையை மட்டும் வீசுவது ஏன் என்று ஆராய்ந்தார். எலும்பிலோ தசையிலோ அதற்குக் காரணம் இல்லை. இடத்தைச் சுருக்கிக்கொள், பார்க்கப்படுகிறாய் என்று சிறு வயதிலிருந்தே உடலுக்குக் கற்பிக்கப்படுவதுதான் காரணம் என்றார். நம் ஊரில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் சாதிகளின் பெண்களுக்கு உடலைச் சுருக்கிக்கொள்ளும் வசதி இருந்ததே இல்லை. நாற்று நடுகிறார்கள், கல் சுமக்கிறார்கள், தறியில் நாள் முழுதும் நிற்கிறார்கள். திருத்தணி மலையின் 365 படிகளையும் நேர்த்திக்கடனுக்காகக் கைக்குழந்தையோடு ஏறும் பெண்களை எவரும் வலிமை அதிகம் என்று சந்தேகிப்பதில்லை. பெண்ணுடலின் வலிமை உழைப்பிலும் பக்தியிலும் செலவாகும்வரை இயல்பானது. அது பரிசு வாங்கும்போதுதான் விசாரணைக்கு உள்ளாகிறது.

தோஹாவுக்குப் பிறகு

சாந்தி ஓடக் கற்றது தன் தாத்தாவிடமிருந்து. பள்ளி, கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடுகள் வழியாக மேலே வந்தார். 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பர் 9 அன்று தோஹாவில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மீண்டும் வெள்ளி. ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப் பெண் என்று கொண்டாடப்பட்டார். சில நாட்களிலேயே சோதனைச் செய்தி கசிந்தது. அவரிடம் விளக்கப்பட வேண்டிய மருத்துவ முடிவு, தொலைக்காட்சிச் செய்தியாக நாடெங்கும் ஓடியது. ஓர் ஆளின் மிக அந்தரங்கமான உடல் விவரத்தை உலகமே அவருக்கு முன் தெரிந்துகொண்டது. மேல்முறையீடு இல்லை, வழக்கறிஞர் இல்லை, ஆற்றுப்படுத்துநர் இல்லை. அவர் பக்கம் நிற்க வேண்டிய இந்திய விளையாட்டு அமைப்புகள் பதக்கத்தைத் திருப்பி வாங்குவதற்கு மட்டும் வந்தன.

சோதனைச் செய்தி வெளியான பின்னும் தமிழ்நாடு அரசு அறிவித்த 15 லட்சம் ரூபாயை அவருக்கு வழங்கியது. அது அன்றைய சூழலில் குறிப்பிடத்தக்க செயல். ஆனால் பரிசுத் தொகை வேறு, வாழ்வாதாரம் வேறு. ஓட முடியாது என்றாகிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் இல்லை. 2007-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மீட்கப்பட்டார். புதுக்கோட்டையில் ஒப்பந்தப் பயிற்சியாளராகக் குறைந்த ஊதியத்தில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அது குடும்பத்துக்குப் போதவில்லை. 2012-இல் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போனபோது, பெற்றோர் வேலை செய்த அதே வகைச் செங்கல் சூளையில் நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்.

அந்தச் சூளையில் அவரிடம் யாரும் பெண்ணா என்று சான்று கேட்கவில்லை. ஹார்மோன் அளவு கேட்கவில்லை. எந்த உடல் தடகளத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பானதோ, அதே உடலைப் பெண் கூலி கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்வதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. பாலினச் சோதனை ‘நியாயமான போட்டி’யைக் காக்கிறது என்கிறார்கள். சாந்தியின் வாழ்வில் அது செய்தது, சூளையிலிருந்து வெளியேறிய ஒரு தலித் பெண்ணைத் திரும்பச் சூளைக்கே அனுப்பியதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 800 மீட்டர் உண்டு. 2009 பெர்லின் உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா தங்கம் வென்றபோதும் இதே சந்தேகம், இதே செய்திக் கசிவு. ஆனால் ஊர் திரும்பிய அவரை விமான நிலையத்தில் மக்கள் கூட்டம் வரவேற்றது. அரசு அவருக்காகப் பேசியது. வழக்கறிஞர்கள் வந்தார்கள். தங்கம் அவரிடமே இருந்தது. அவர் பின்னர் ஒலிம்பிக்கிலும் வென்றார். இரண்டு பெண்களின் உடலிலும் என்ன இருந்தது என்பதைவிட, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் அவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது.

2014-இல் ஒடிசாவின் துத்தி சந்த் காமன்வெல்த் போட்டிக்கு முன் விலக்கப்பட்டபோது இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. சாந்திக்கு நேர்ந்ததை அறிந்த ஆய்வாளர்களும் செயற்பாட்டாளர்களும் துணை நின்றார்கள். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தில் அவர் வழக்குத் தொடுத்தார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதிகளை நிறுத்திவைத்தது. துத்தி மீண்டும் ஓடினார். 2018-இல் உலகத் தடகள அமைப்பு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவை 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் பொருந்தின. 800 மீட்டர் மறுபடியும் நடுவில் வந்து நின்றது. இயற்கையான டெஸ்டோஸ்டிரோன் அளவை மருந்தால் குறைத்துக்கொண்டால்தான் ஓடலாம் என்றார்கள். செமென்யா மறுத்தார், வழக்காடினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1968-இல் தொடங்கி 1999-இல் கைவிடப்பட்ட சான்றிதழ் புதிய பெயரில் திரும்பி வந்திருக்கிறது. இனி அதைப் பெறவேண்டியவர்களில் நம் கிராமத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஓட்டம் முடிந்த பிறகு என்ன?

இன்று விளையாட்டு பெரும் பணம் புழங்கும் துறை. 2023-இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளை ஏறக்குறைய 4,670 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். 2024 டிசம்பர் ஏலத்தில் மதுரையைச் சேர்ந்த 16 வயது கமலினியை 1.6 கோடி ரூபாய்க்கு ஓர் அணி எடுத்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கிரிக்கெட்டுக்கு வெளியே சந்தை இல்லை, அரசு வேலைதான் இருக்கிறது. மதுரை சக்கிமங்கலத்தில் கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலில் ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணிக்குத் தெற்கு ரயில்வே வேலை கொடுத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவரும் சுபா வெங்கடேசனும் ஓடினார்கள். கடலூரைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனாக் காலத்தில் சென்னைச் சாலைகளில் காவல் பணியில் நின்றார்.

திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வருமான வரித்துறைக்குப் போனவர். 2019 ஏப்ரலில் அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், 30 வயதில் ஆசியத் தங்கம் வென்றார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, நான்கு ஆண்டுத் தடையும் பதக்க இழப்பும் வந்தன. சாந்தியின் வழக்கும் இதுவும் ஒன்றல்ல. தடை செய்யப்பட்ட பொருள் வெளியிலிருந்து உடலுக்குள் வருவது. சாந்தியிடம் குற்றமாகப் பார்க்கப்பட்டது அவர் பிறந்த உடல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘மோசடி’ என்று பேசிய ஊடகங்களை நாம் மறுக்கவேண்டும். ஆனால் ஒரு விஷயம் இரண்டிலும் பொது. எதைச் சாப்பிடலாம், எந்த மருந்தைத் தவிர்க்கவேண்டும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்று சொல்ல, வசதியான வீரருக்கு ஒரு குழு இருக்கிறது. கூலி வீட்டுப் பெண்ணுக்கு இருப்பது ஒரு பயிற்சியாளர் மட்டுமே.

அந்தப் பயிற்சியாளர் பெரும்பாலும் ஆண். யார் அணியில் இருப்பார், யார் விடுதியில் சேர்வார் என்பதெல்லாம் அவர் கையில். 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானதும், 2023-இல் வினேஷ் போகட்டும் சாக்‌ஷி மாலிக்கும் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததும் இந்த அதிகாரத்தின் மறுபக்கத்தைக் காட்டின. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால் ஒன்று தெரியும். பயிற்சி நடக்கும் விளையாட்டு நிறுவனமும் அரங்கமும் போட்டி நடக்கும் இடமும் அந்தச் சட்டத்தின்படி ‘பணியிடம்’. ஓடுவது வேலை என்று சட்டமே சொல்லிவிட்டது. அப்படியானால் அந்த வேலைக்குப் புகார்க் குழு வேண்டும், காப்பீடு வேண்டும், அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், காரணம் சொல்லாமல் நீக்க முடியாத பாதுகாப்பு வேண்டும்.

இந்தத் துறையில் நுழைய நினைக்கும் மாணவிகளுக்கு ஓடுவதும் ஆடுவதும் மட்டுமே வழியில்லை. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி முதல், மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரை படிக்கும் இடங்கள் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உணவியலாளர், ஊக்கமருந்து விதிகள் தெரிந்த வழக்கறிஞர், விளையாட்டு நிர்வாகி, செய்தியாளர் என்று வேலைகளும் இருக்கின்றன. சென்னையின் ஜனனி நாராயணன் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு நடுவரானார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் நடுவர்களாக நின்ற முதல் மூன்று பெண்களில் ஒருவர் அவர். விதியைச் சொல்லும் இடத்தில், சோதனை அறையில், தேர்வுக் குழுவில் பெண்கள் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. 2006-இல் சாந்தியின் மருத்துவ அறிக்கை யார் யார் கைகளில் புரண்டது என்று யோசித்தால் அதன் அவசியம் புரியும்.

சாந்தி மீண்டும் படித்தார். பெங்களூருவில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் பட்டயத்தை முடித்தார். 2016-இல் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரத் தடகளப் பயிற்சியாளராக நியமித்தது. பத்து ஆண்டுகள் தாமதமாக வந்த பணி ஆணை. தோஹாப் பதக்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்பது அவர் ஒருவரின் வேலையாக இருக்கக்கூடாது. அடுத்த முறை தமிழகக் கிராமமொன்றிலிருந்து வரும் பெண்ணிடம் கன்னத்துச் செல்லைக் கேட்கும்போது, அந்தத் தாளில் எழுதியிருப்பதை அவள் மொழியில் படித்துச் சொல்லவும், முடிவு அவளைத் தவிர வேறு யாருக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளவும், வேண்டாம் என்றால் அவளுக்காக வாதாடவும் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் இதைப் படிக்கும் மாணவிகளில் இருந்து வரலாம்.